உத்திரமேரூர் ஏரியின் மின்கணக்கு

மாடியில் சோலார் போட்டால் லாபமா? 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு இந்தக் கேள்வி உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்கள் வரை வந்துவிட்டது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 78,000 என்று மத்திய அரசு மானியம் தருகிறது. நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட். ஆனால் லாபமா என்ற கேள்விக்கு, யார் வீட்டு மாடி என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் இரண்டு விசிறி, நான்கு விளக்கு, டிவி, மிக்சி, சின்ன ஃபிரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது. 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தில் கணக்குப் போடுகிறேன். பிறகு விலை சற்று ஏறியிருக்கிறது, விகிதம் பெரிதாக மாறவில்லை. முதல் 100 யூனிட் இலவசம். மீதி 80 யூனிட், 2 ரூபாய் 25 காசு வீதம் 180 ரூபாய். சோலார் இந்த பில்லை முழுதாக அழித்தாலும் வருடத்துக்கு மிச்சம் 1,080 ரூபாய்தான். மானியம் போகக் கையிலிருந்து 35,000 ரூபாய் போட்டால், போட்ட பணம் திரும்ப 32 வருடம் ஆகும். தகட்டின் ஆயுளே 25 வருடம்.

இரண்டாவது வீட்டில் ஏசி இருக்கிறது, 600 யூனிட். பில் 2,750 ரூபாய். அதே ஒரு கிலோவாட் தகடு 240 யூனிட்டைக் கழித்துவிட்டால் கணக்கு 360 யூனிட்டுக்கு இறங்கும். பில் 945 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 1,805 ரூபாய் மிச்சம். மூன்றரை வருடத்துக்குள் பணம் திரும்பிவிடும்.

வெயில் ஒன்று, தகடு ஒன்று, அது தரும் யூனிட்டும் ஒன்று. ஒரு வீட்டில் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய், இன்னொரு வீட்டில் பத்தாயிரத்துக்கு மேல்.

இந்தக் கட்டணப் பட்டியலில் 501-வது யூனிட் ஒரு விசித்திரப் பிறவி. 500 யூனிட்டோடு நிறுத்தினால் பில் 1,725 ரூபாய். ஒரு யூனிட் தாண்டினால் கீழ்ப்படியில் இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். மொத்தக் கணக்கும் வேறு அட்டவணைக்கு மாறும். பில் 1,958 ரூபாய். அந்த ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய். இதற்கு சோலார்கூடத் தேவையில்லை. பழைய விசிறி 75 வாட் இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பி.எல்.டி.சி. எனும் புதுவகை விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும்; 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 520 யூனிட் ஓடும் வீட்டில் ஒரே ஒரு விசிறியை மாற்றினால் பில்லில் 457 ரூபாய் குறையும். 180 யூனிட் வீட்டில் அதே விசிறி 72 ரூபாய்தான் மிச்சப்படுத்தும். 95 யூனிட் வீட்டில் ஒரு பைசாகூட இல்லை. 3,000 ரூபாய் விசிறியை அந்த வீட்டுக்காரர் ஏன் வாங்க வேண்டும்? அவர் சிக்கனமற்றவர் அல்ல. அவருடைய சிக்கனத்துக்கு விலையே இல்லை, அவ்வளவுதான்.

2011-இல் தொடங்கிய பசுமை வீடு திட்டம் இந்த ஏழை வீட்டை நினைத்துத்தான் 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சூரிய விளக்கையும் சேர்த்துக் கொடுத்தது. நல்ல எண்ணம். ஆனால் பேட்டரி மாற்றும் செலவு வீட்டுக்காரர் தலையிலும், கம்பி வழியே வரும் கரண்ட் இலவசமாகவும் இருக்கும்போது எது நிலைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிராமத்து வீட்டில் உண்மையில் காசு கரைவது மின்சாரத்தில் அல்ல, சிலிண்டரில். நான்கைந்து மாடு இருந்தால் தினம் 50 கிலோ சாணம் கிடைக்கும். அதிலிருந்து சுமார் 2 கன மீட்டர் கோபர் கேஸ். சமையல் எரிவாயுக் கணக்கில் நாளுக்கு 850 கிராம், அதாவது 17 நாளைக்கு ஒரு சிலிண்டர். கழிவாக வரும் குழம்பு வயலுக்கு உரம். பணக்கணக்கில் சோலாரை இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். பிறகு ஏன் பல வீடுகளில் அந்தத் தொட்டி மண் மூடிக் கிடக்கிறது? உழவு டிராக்டருக்குப் போனதும் மாடு குறைந்துவிட்டது. தினம் சாணத்தையும் தண்ணீரையும் கரைத்து ஊற்றும் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் விழுந்தது. அந்த உழைப்புக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் கூலி போடவில்லை.

ஆக, கிராமத்தின் சராசரி வீட்டைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் சோலார் கணக்கு கட்டுப்படியாவதில்லை. ஊரைச் சேர்த்து நிறுத்தினால் நிலைமை வேறு. குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும் ஊராட்சியின் தலையில். இவற்றுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை கிடையாது. ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஊராட்சி பணம் கட்டியாக வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஊர் தோறும் நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை நாம் பேட்டரி என்று நினைத்ததே இல்லை. 30,000 லிட்டர் தொட்டி. 60 மீட்டர் ஆழத்துப் போர்வெல்லிலிருந்து 12 மீட்டர் உயரத்துக்கு நீர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72 மீட்டர். இயற்பியல் விதிப்படி இதற்குக் குறைந்தபட்சம் 6 யூனிட் போதும். மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் பாதிக்கு மேல் வீணாவதால் நடைமுறையில் 13 யூனிட் ஆகும். இந்த 13 யூனிட்டைச் சூரியன் உச்சியில் இருக்கும்போது செலவழித்து நீரை ஏற்றிவிட்டால், இரவிலும் விடியற்காலையிலும் கரண்ட் இல்லாமலே குழாயில் தண்ணீர் வரும். 13 யூனிட் தேக்கும் லித்தியம் பேட்டரி வாங்கப் போனால் லட்ச ரூபாய் தாண்டும். பத்துப் பதினைந்து வருடத்தில் அதை மாற்றவும் வேண்டும். சிமென்ட் தொட்டி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. டேங்க் ஆபரேட்டர் மோட்டார் சுவிட்சைப் போடும் நேரத்தைக் காலை 5 மணியிலிருந்து பகல் 11 மணிக்கு மாற்றுவதுதான் மொத்தச் செலவு.

குஜராத்தின் மோதேராவை 2022 அக்டோபரில் இந்தியாவின் முதல் முழுநேரச் சூரிய மின் கிராமம் என்று அறிவித்தார்கள். 6 மெகாவாட் சூரிய மின் நிலையம், 15 மெகாவாட் மணி தேக்கும் பேட்டரி, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் கூரையில் தகடு, செலவு 80 கோடி ரூபாய்க்கு மேல். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா ஊருக்கும் 80 கோடி வராது. நேரத்தை மாற்றுவதற்குக் கோடிகள் வேண்டாம். பகலில் மலிந்து மாலை ஏழு மணிக்கு அரிதாகும் பொருள் மின்சாரம் என்பதை அரசும் ஒப்புக்கொண்டுவிட்டது: 2023-இல் திருத்திய மத்திய விதிகள், வெயில் நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன.

ஊராட்சியே மின் உற்பத்தியில் இறங்க முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு பழைய பதில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சியில் 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். பவானி ஆற்றிலிருந்து குடிநீர்த் திட்டம் வந்தது, வீடு கூடியது, விளக்கு கூடியது, கரண்ட் பில் ஊராட்சியின் கழுத்தை நெரித்தது. முதலில் மரக்கழிவை எரிவாயுவாக்கி நீர் இறைக்கும் 9 கிலோவாட் இயந்திரம் போட்டுப் பார்த்தார்கள். 2006-இல் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார்கள். 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை. ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஓடந்துறையில் அதற்கேற்ற காற்று இல்லை. அதனால் காற்றாலையை உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் நிறுவினார்கள். காற்று ஓரூரில், விளக்கு இன்னோரூரில், நடுவில் மின்வாரியக் கம்பி. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம். மீதி ஊருக்கு வருமானம். இதில் இயந்திரத்தைவிட எனக்கு வியப்பாகத் தெரிவது அந்த 40 லட்சம். ஒரு கிராம ஊராட்சி கையில் அவ்வளவு சேமிப்பு இருந்தது, அதைக் காட்டியபோது வங்கி நம்பியது என்பதுதான் கதை.

அந்த 6.75 லட்சம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு உத்திரமேரூர் ஏரிக்கரைக்கு வருவோம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் இதற்கு வயிரமேக தடாகம் என்று பெயர். பன்னிரண்டு நூற்றாண்டாக இருக்கும் இந்த நீர்நிலையை யாரும் எரிசக்திக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சேர்த்துப் பார்க்கலாம். காஞ்சிபுரம் பகுதியில் நவரைப் பட்டம் முக்கியமானது. டிசம்பர், ஜனவரியில் நட்டு வெயிலில் அறுக்கும் பயிர். மழை பெரிதாகக் கை கொடுக்காது. நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்றால், ஓர் ஏக்கருக்குச் சுமார் 48.5 லட்சம் லிட்டர். இதைக் கிணற்றிலிருந்து 15 மீட்டர் தூக்க வேண்டும் என்று கொள்வோம். இயற்பியல் கேட்கும் குறைந்தபட்சம் 198 யூனிட். நம் ஊர் பம்புசெட்டுகளின் திறனை 40 சதவீதம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 500 யூனிட். ஒரு ஏக்கர், ஒரு போகம், 500 யூனிட்.

ஏரிப் பாசனத்தில் இந்தச் செலவு பூஜ்யம். ஏரி ஆயக்கட்டைவிட மேட்டில் இருக்கிறது. மதகைத் திறந்தால் நீர் தானாக வயலுக்கு இறங்குகிறது. அப்படியென்றால் 1,350 ஏக்கருக்கு ஒரு போகம் நீர் பாய்ச்சும் ஓர் ஏரி மிச்சப்படுத்தும் மின்சாரம் 6.75 லட்சம் யூனிட். ஓடந்துறைக் காற்றாலை ஒரு வருடம் முழுக்கச் சுற்றித் தருவதும் அதுவேதான்.

அந்த நீரை மேட்டில் ஏற்றி வைத்தது யார்? சூரியன்தான். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கச் சுமார் 0.68 யூனிட் வெப்பம் வேண்டும். வங்கக் கடலிலிருந்து நம் ஓர் ஏக்கர் நெல்லுக்கான நீரை ஆவியாக்கி மேகமாக்க வெயில் செலவழித்தது 33 லட்சம் யூனிட். நாம் மோட்டார் போட்டுச் செலவழிக்கும் 500 யூனிட் அதன் பக்கத்தில் வைத்துப் பேசும் அளவே இல்லை. வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் கொட்டிவிட்டுப் போகும் இந்தச் சூரிய சக்தியை நான்கைந்து மாதம் தள்ளிப் பயன்படுத்த, தொண்டை மண்டலத்து மக்கள் சாய்வான நிலத்தின் குறுக்கே மண் கரை போட்டார்கள். மேல்நிலைத் தொட்டியின் வேலையும் இதுவே, அளவுதான் வேறு.

ஏரியின் உபகாரம் மதகோடு முடிவதில்லை. நிறைந்த ஏரி சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தூக்கிவிடுகிறது. 15 மீட்டரில் கிடந்த நீர் 10 மீட்டருக்கு வந்தால், மோட்டார் வைத்திருப்பவருக்கும் ஏக்கருக்கு 165 யூனிட் குறைகிறது. தூர் விஷயத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஏரிக்குள் நான்கு ஏக்கர் பரப்பில் ஓரடி வண்டல் படிந்தால், ஓர் ஏக்கர் நெல்லுக்கான நீர் நிற்க இடமில்லை. ஒவ்வொரு முறை ஏரி நிரம்பும்போதும் 500 யூனிட் அந்த வண்டலுக்கடியில் புதைகிறது.

இவ்வளவு பெரிய தொகை ஏன் எவர் கண்ணிலும் படவில்லை? விவசாய மின்சாரம் இலவசம் என்பதால். 1990-இல் தமிழ்நாட்டில் உழவர்களுக்கு மின் கட்டணம் ரத்தானது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட் இணைப்புகள் இருக்கின்றன. அந்த முடிவு பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. 500 யூனிட் மிச்சப்படுத்தினாலும் உழவருக்கு ஒன்றும் கிடைக்காது, விரயமாக்கினாலும் ஒன்றும் போகாது என்றானபோது, ஏரி நீருக்கும் மோட்டார் நீருக்கும் விலையில் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. சொந்தக் கிணறு வைத்திருப்பவர் மதகு பழுதுக்காக நாலு பேரைக் கூட்டிப் பேச வேண்டிய அவசியமும் போயிற்று. ஏரியின் மதிப்பு மானியக் கணக்கில் கரைந்து, அரசின் செலவுப் பக்கத்தில் மட்டும் தெரிகிறது.

குஜராத்தின் தூண்டி கிராமத்தில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். 2016-இல் ஆறு உழவர்கள் சேர்ந்து சூரிய பம்புசெட் வைத்திருப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள், மொத்தம் 56.4 கிலோவாட். பின்னால் நின்றது பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம். யோசனையை முன்வைத்தவர் துஷார் ஷா. சோலார் பம்பை மட்டும் கையில் கொடுத்திருந்தால் அதுவும் இலவச மின்சாரம்தான். பகலெல்லாம் நிலத்தடி நீரை உறிஞ்சும். அதனால் பம்புகளை மின்கம்பியோடு இணைத்தார்கள். இறைக்காமல் விட்ட மின்சாரத்தை யூனிட்டுக்கு 4.63 ரூபாய் வீதம் 25 வருடத்துக்கு வாங்கிக்கொள்ள மின் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது; நீர் மேலாண்மை நிறுவனம் ஊக்கத்தொகை சேர்த்து அதை 7.13 ரூபாய் ஆக்கியது. மோட்டார் சுவிட்சைப் போடும் முன் உழவர் ஒரு கணம் யோசிக்கக் காரணம் கிடைத்தது: இந்த மணி நேரத்துக்குத் தண்ணீர் எனக்கு வேண்டுமா, பணம் வேண்டுமா? கட்டணமும் விதிக்கவில்லை, இணைப்பையும் துண்டிக்கவில்லை. 2019-இல் வந்த மத்திய அரசின் குசும் திட்டத்திலும், மின் இணைப்புள்ள பம்புசெட்டுகளுக்குச் சூரியத் தகடு பூட்டி மிச்சத்தை விற்க ஒரு பிரிவு இருக்கிறது.

தூண்டியின் 4.63 ரூபாயை உத்திரமேரூருக்குப் பொருத்தினால் ஏக்கருக்கு 2,315 ரூபாய். ஏரி மதகிலிருந்து வந்த நீரின் மின் மதிப்பு அது. 1,350 ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 31 லட்சம் ரூபாய். கரை பலப்படுத்தவும் தூர் வாரவும் பணமில்லை என்று சொல்லும்போது இந்தத் தொகை நம் மனதில் இருக்க வேண்டும்.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இப்படிக் கணக்குப் பார்ப்பது புதிதல்ல. ஏரியைத் தூர்வாரப் பொன் வைத்துக் கொடுத்த செய்தி தந்திவர்மன் காலக் கல்வெட்டிலேயே இருக்கிறது. வட்டி வருமானத்தில் ஆண்டுதோறும் பராமரிப்பு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றைய சோலார் திட்டங்கள் பலவற்றில் இல்லாமல் போவது இந்த ஒன்றுதான்: நிறுவும் நாளில் பணம் இருக்கிறது, ஏழாம் வருடம் பேட்டரி மாற்ற இல்லை. பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையில், 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் பகுதிகளிலிருந்து, தேர்ந்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. பதவி 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் மறுபடி ஓலையில் எழுதிக் குடத்தில் இட முடியாது.

இதை உலகின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை. ஏரியில் கூடை சுமந்தவர் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை. ஆனால் பொது நீரை ஆளும் குழுவுக்குக் காலக்கெடு, சுழற்சி, கணக்கு என்று மூன்றையும் கல்லில் வெட்டி வைத்த நிர்வாக அறிவு, கூட்டுச் சூரிய மின் நிலையம் நடத்த நினைக்கும் எந்த ஊருக்கும் அப்படியே பொருந்தும். தகடு துடைப்பது யார், வருமானத்தில் எவ்வளவு பராமரிப்பு நிதிக்குப் போகும், மின்வாரியம் வரவு வைத்த யூனிட்டைச் சரிபார்ப்பது யார் என்பவைதான் ஒரு சூரிய மின் நிலையம் பத்தாவது வருடம் ஓடுமா என்பதைத் தீர்மானிக்கும். தகட்டின் தரமெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. சுற்றிலும் கிராம ஊராட்சிகள். தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். நவரைப் பயிர் நீருக்கு ஏங்கும் சமயம். அன்று சபைக்குப் போகிறவர்கள் மூன்று விவரம் கேளுங்கள். நம் ஊர்க் குடிநீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது, சென்ற ஆண்டு ஊராட்சி கட்டிய மின் கட்டணம் எவ்வளவு, நம் ஏரி மதகு எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது. மூன்றாவது எண்ணை 500-ஆல் பெருக்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.